நான் வாசிக்காத இரண்டாம் பக்கம்

சரவணா,

எழுத்துப் பிழை மட்டும் பாருங்கப்பா என்று சொல்லி, உன் புத்தகத்தைக் கட்டுக் காகிதமாகச் சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டுக் காம்பாருக்குக் காரை எடுத்துக்கொண்டு போய்விட்டாய். பார்த்துவிட்டேன். இருநூற்றுச் சொச்சம் பக்கத்தில் ஒன்பது பிழைகள்தான். ஈப்போவில் ஓர் அச்சகத்தில் இருபத்தாறு வருடம் உட்கார்ந்து கோயில் மலருக்கும் கல்யாணப் பத்திரிகைக்கும் பிழை திருத்தியவன் நான். என் கைக்கு இவ்வளவு சுத்தமான பிரதி வந்ததே இல்லை. விரிவுரையாளர் ஆயிற்றே, அதில் குறை வைப்பாயா. ஆனால் அந்த ஒன்பதையும் திருத்திய பிறகும் உன் புத்தகம் சரியாகவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம். நேரில் சொன்னால் பாதியில் போன் வந்தது என்று எழுந்து வெளியே போய்விடுவாய், தெரியும். உட்கார்ந்து வாசி. வலிக்கும். வலிக்கட்டும். இது உனக்கு மட்டும் எழுதுகிற கடிதமும் இல்லை. இன்னொரு பிரதி யாருக்குப் போகிறது என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். வியாழக்கிழமை புத்தகம் அச்சுக்குப் போகிறது. அதற்கடுத்த ஞாயிறு மண்டபம் பிடித்திருக்கிறாய், மாலைக்குச் சொல்லியிருக்கிறாய். அந்தப் புத்தகத்தின் ஏழாம் அத்தியாயத்தில், நம் தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதிய கிராணி தில்லையம்பலத்தை, செத்துப் பன்னிரண்டு வருடமான மனிதரை, பெயர் சொல்லித் துரோகி என்று எழுதியிருக்கிறாய். அந்த அத்தியாயம் அச்சேறக் கூடாது. அதைத் தடுக்கத்தான் எழுதுகிறேன். ஆனால் ஏழுக்குப் போவதற்கு முன்னால் மற்ற ஆறு அத்தியாயங்களிலும் நீ என்ன செய்திருக்கிறாய் என்பதைச் சொல்லாமல் விட எனக்கு மனசு வரவில்லை. அட்டையில் ‘உண்மை வரலாறு’ என்று வேறு போட்டுக்கொண்டிருக்கிறாய்.

“பனி மூடிய ரப்பர்க் காட்டில் தோட்டம் மெல்லக் கண் விழித்தது” என்று தொடங்குகிறாய். நீ அந்தத் தோட்டத்தில் ஒரு நாளும் கண் விழித்தவன் இல்லை. நாங்கள் லோரி ஏறியபோது உன் அம்மாவுக்கு ஐந்து மாதம். பனியைப் பற்றி என்னைக் கேட்டிருக்கலாம். தலையில் லாம்பும் இடுப்பில் கொசுவத்தியும் கட்டிக்கொண்டு பால் வெட்டத் தன் மர நிரைக்கு ஓடுகிறவனுக்குக் கண்ணில் எரிவது அந்தப் புகைதான். வேறு எதையும் பார்க்க நேரம் கிடையாது. கடைசியில் நாங்கள் வெளியேறிய நாளைப் பற்றி “அன்று வானமும் அழுதது” என்கிறாய். அன்று மழையே இல்லை. மழை பெய்திருந்தால் அந்த மண்சாலையில் லோரி ஏறியிருக்காது, இன்னும் ஒரு நாள் எங்கள் வீட்டில் இருந்திருப்போம். நீ போட்ட மழை எங்களுக்குப் பெய்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஒரு வார்த்தை அழகாக இருக்கிறது என்பதற்காக அதை எழுதுகிறவன் கல்யாண வாழ்த்து மடல் எழுதப் போகலாம். நடந்ததை எழுதுகிறேன் என்று கிளம்பியவனுக்கு அந்த உரிமை கிடையாது.

அடுத்து நம் தோட்டத்து முனியம்மா. சிம்பாங் பூலாய்க்குப் போய் நீ எடுத்த ஒலிப்பதிவுகளை எல்லாம் தட்டச்சு செய்யச் சொல்லி என்னிடம்தான் கொடுத்தாய், மறந்துவிட்டாய் போலிருக்கிறது. நான் மறக்கவில்லை. “அத்தே, அந்தக் காலத்துல ரொம்ப கஷ்டம்லா?” என்று கேட்கிறாய். “கஷ்டந்தான்யா” என்கிறாள். “அடிம மாதிரிதானே நடத்துனாங்க?” என்கிறாய். “ஆமாய்யா, அப்படித்தான் வெச்சிக்கயேன்” என்கிறாள். பிறகு அவளாகவே வாயைத் திறந்து, “சனிக்கெழமைல வெள்ளத் துணி கட்டிப் படம் போடுவாங்கய்யா, நான்தான் மொத ஆளா பாயப் போட்டு எடம் புடிப்பேன். ஒருக்கா சண்ட சீன் ஓடயில பாம்பு வந்திருச்சி, ஒருத்தரும் எந்திரிக்கல லா” என்று சொல்லிச் சிரிக்கிறாள். அந்தப் பதிவு முழுக்க உயிரோடு இருக்கிற ஓர் இடம் அதுதான். நீ என்ன செய்தாய்? “சரி அத்தே, தொர அடிப்பாரா?” என்று அவளை வெட்டிவிட்டாய். புத்தகத்தில் பாம்பும் இல்லை, பாயும் இல்லை. அதற்குப் பதிலாக அவள் கண்கலங்கி, “எங்கள் இரத்தம்தான் அந்த மரங்களில் பாலாக வடிந்தது” என்று சொன்னதாக எழுதியிருக்கிறாய். ஒரு மணி நேரப் பதிவில் முனியம்மா பால் என்று சொன்னது ஒரே ஒரு தடவை, உன் டீயில் பால் போதுமா என்று கேட்டபோது.

நம் ஆட்களைப் பற்றி உனக்கு ஒன்று தெரியவில்லை. பிஸ்கட் டின்னோடு வீட்டுக்கு வந்த படித்த பிள்ளையிடம் அவர்கள் இல்லை என்று சொல்ல மாட்டார்கள். நீ என்ன கேட்டாலும் ஆமாம்தான். யானை பால் வெட்டியதா என்று கேட்டிருந்தாலும் ஆமாய்யா, அப்படித்தான் வெச்சிக்கயேன் என்றுதான் சொல்லியிருப்பாள். கேள்விக்குள்ளேயே பதிலை வைத்துக் கொடுத்தால் உன் பதிலையே நீ திரும்ப வாங்கிக்கொண்டு வருகிறாய். எத்தனை மணிக்கு எழுந்தீர்கள், பக்கத்து நிரையில் யார், பால் மங்கு கவிழ்ந்தால் என்ன செய்வீர்கள் என்று கேள். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டிரு. உனக்கு வாய் மூட வராது, அது உன் அம்மா வழி. நீ எழுதத் தெரியாதவனாக இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு கோபம் வந்திருக்காது. உனக்கு நன்றாக எழுத வருகிறது, அதனால் எது இல்லாமல் போனாலும் அந்த இடத்தை நிரப்பிவிடுகிறாய், நிரப்பிய தடமும் தெரிவதில்லை.

நான் மட்டும் என்ன யோக்கியன். அச்சகத்தில் நினைவஞ்சலி விளம்பரங்கள் எல்லாம் நான்தான் எழுதிக் கொடுப்பேன். செத்தவர் எப்படிப்பட்டவர் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. ஒரு தடவை ஓர் அம்மாள் புருஷன் படத்தைக் கொண்டுவந்தாள். புருவத்துக்கு மேலே பழைய தழும்பு, முன்பல் ஒன்று இல்லை. நான் வழக்கம்போல ‘பாசத்தின் உறைவிடமே, பண்பின் சிகரமே’ என்று எழுதி நீட்டினேன். ரொம்ப நேரம் வாசித்தாள். “இது யாருக்குங்க?” என்று கேட்டாள். “ஒங்க வீட்டுக்காரருக்குத்தாம்மா.” கொஞ்சம் யோசித்துவிட்டு, “சரி, பிள்ளைங்க பாக்கும், போட்டுருங்க” என்று சொல்லிவிட்டுப் போனாள். அன்றைக்கு எனக்கு வெட்கமாக இருந்தது. மறுநாள் அடுத்த செத்தவரையும் பண்பின் சிகரம் ஆக்கினேன். உனக்கு இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று யோசித்தால் வெகுதூரம் போக வேண்டியதில்லை.

இப்போது ஏழாம் அத்தியாயம். “கிராணி தில்லையம்பலம் நிர்வாகத்தோடு இரகசியமாகக் கைகோத்து, தொழிலாளர்களை ஏமாற்றிக் கைநாட்டு வாங்கிக் கொடுத்தார் என்று தோட்டத்து மக்கள் கூறுகின்றனர்.” எந்த மக்கள், சரவணா? பதினான்கு பேரிடம் பேசியிருக்கிறாய். பதினான்கு பதிவையும் தட்டியவன் நான். அவர்களில் ஒருவரும் தானாகக் கிராணி பேரை எடுக்கவில்லை. நீ எடுத்துக் கொடுத்த பிறகு மூன்று பேர் ஆமாம் போட்டார்கள். இந்தக் கதையை உனக்குச் சொன்னது ஒரே ஆள், நான். நீ கையால் பிசைந்து சாப்பிடப் பழகிய காலத்திலிருந்து சோற்றோடு சேர்த்து ஊட்டியிருக்கிறேன். நீ என் பேரைப் போடாமல் ‘மக்கள்’ என்று போட்டுவிட்டாய். இனிமேல் எங்காவது ‘என்று கூறுகின்றனர்’, ‘என்று நம்பப்படுகிறது’ என்று எழுதக் கை போனால் நிறுத்து. யார், எப்போது, அவனுக்கு அதில் என்ன லாபம் என்று கேள். என்னைக் கேட்டிருந்தால் நான் மாட்டிக்கொண்டிருப்பேன். நீ கேட்கவில்லை. அப்பா பொய் சொல்வாரா என்ற மரியாதை. எழுத உட்கார்ந்தவனுக்கு அந்த மரியாதை ஆகாது.

நடந்ததைச் சொல்கிறேன். தோட்டத்தைக் கம்பெனி விற்றுவிட்டது, வீடு கட்டப் போகிறார்கள் என்று தெரிந்திருந்தது. கோயிலை இடிப்பார்களா என்பதுதான் எங்கள் எல்லாருக்கும் கவலை. ஒருநாள் மானேஜர் ஆபீசிலிருந்து ஒரு கடிதம் வந்தது, இரண்டு பக்கம். அறுபத்திரண்டு குடும்பமும் அதில் கைநாட்டு வைக்க வேண்டும். நான் கோயில் செயலாளர், மலாய்ப் பள்ளியில் கொஞ்ச காலம் படித்தவன், எனக்கு முப்பது வயது, என்னைவிடப் பெரிய ஆள் இல்லை என்ற நினைப்பு. பெரட்டுக் களத்தில், அதாவது காலையில் பேர் கூப்பிடுகிற மைதானத்தில், எல்லாரையும் கூட்டி வைத்துக்கொண்டு முதல் பக்கத்தை வாசித்தேன். மலாயில் இருந்தது. கோயில் நிலத்தை ஒதுக்கிக் கொடுப்பார்கள், மாறிப் போக லோரி கொடுப்பார்கள் என்று வரிக்கு வரி தமிழில் சொன்னேன். எல்லாருக்கும் நிம்மதி. இரண்டாம் பக்கம் இங்கிலீஷ். எனக்கு அதில் ஒரு வரியும் விளங்கவில்லை. உன் அம்மாவின் அண்ணன் முத்துதான் கேட்டான், “மச்சான், அந்தச் சூராட்ல ரெண்டாவது பக்கம் என்னா போட்டிருக்கான்?” என்று.

தெரியலடா என்று சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் வேறு யாரையாவது கேட்டிருப்பார்கள். அறுபத்திரண்டு குடும்பத்துக்கு முன்னால் எனக்கு அது வாயில் வரவில்லை. “அதேதான்லா, மொத பக்கத்துல உள்ளதயே இங்கிலீஷ்ல போட்டிருக்கான்” என்றேன். இந்த நாட்டில் பாதிக் காகிதம் அப்படித்தானே வரும். நானே அதை நம்பினேன் என்றுகூட வைத்துக்கொள். ஆபீஸ் வாசலில் நின்றுகொண்டிருந்த கிராணி இறங்கி வந்தார். “தம்பி, ரெண்டாவது பக்கம் வேற விசயம். நான் வாசிச்சுச் சொல்லட்டே?” என்று கேட்டார். நான் மறுத்துவிட்டேன். அந்தப் பக்கத்தில் இருந்தது, ஆறு மாதத்தில் வீட்டைக் காலி செய்கிறோம், அதற்குப் பிறகு எந்த உரிமையும் கோர மாட்டோம் என்பது. அது எங்களுக்குத் தெரிந்தது ஆறு மாதம் கழித்து, காலி செய்யச் சொன்னதும் வழக்குப் போடலாம் என்று ஒரு வக்கீலிடம் போனபோது. அவர் இரண்டாம் பக்கத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, இதில் நீங்களே விரலை வைத்திருக்கிறீர்களே என்றார். முத்து என் முகத்தைப் பார்த்தான். அன்றைக்குத் திரும்பி வரும் வழியில் ஒரு கோப்பிக்கடையில் உட்கார்ந்தபோது நான்தான் முதலில் சொன்னேன், “இது கிராணி வேல. அவன்தான் டைப் அடிச்சது, அவன் குத்துன சாப்புதான் அடியில இருக்கு” என்று. யாழ்ப்பாணத்துக் கிராணி என்றால் துரை பக்கத்து ஆள் என்றுதான் நினைப்பு, நம் ஆட்கள் நம்புவதற்கு வேறு சாட்சி வேண்டுமா? ஒரு வாரத்தில் அவர் வீட்டு வாசலில் சாணியைக் கரைத்து ஊற்றினார்கள். நான் ஊற்றவில்லை. யார் ஊற்றினார்கள் என்று தெரிந்தும் பேசாமல் இருந்தேன்.

அதோடு விட்டேனா. அவருடைய மகள் யோகேஸ்வரி டீச்சர், நாம் குடிவந்த தாமான் குடியிருப்புக்குப் பக்கத்துத் தமிழ்ப்பள்ளிக்கே வந்தார். உன்னை இரண்டாம் ஆண்டில் அவர் வகுப்பில் போட்டார்கள். தலைமையாசிரியர் அறையில் போய்ச் சத்தம் போட்டு உன்னை வேறு வகுப்புக்கு மாற்றினேன். என்னைப் பார்த்து இன்னும் எட்டுப் பேர் பிள்ளையை மாற்றினார்கள். இதையும் எழுதியிருக்கிறாய். “என் தந்தையின் அந்தச் சிறிய எதிர்ப்பு எனக்கு அரசியலைக் கற்பித்தது” என்று. வாசித்தபோது நாற்காலியை விட்டு எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன். அவர் உனக்கு மூன்று வாரம் வாய்ப்பாடு சொல்லிக் கொடுத்தார், உனக்கு அது நினைவில்லை. கிராணி செத்தபோது தோட்டத்து ஆள் ஒருவரும் போகவில்லை. பத்திரிகையில் பார்த்தேன், நானும் போகவில்லை. இந்தப் புத்தகத்துக்காக லூமுட் வரைக்கும் போய் ஆளைத் தேடினாயே, டீச்சர் வீடு நம் வீட்டிலிருந்து மோட்டார் சைக்கிளில் பத்து நிமிடம். ஒருவரைத் துரோகி என்று எழுதப் போகிறவன், அவர் வீட்டுக் கதவை ஒரு தடவையாவது தட்டியிருக்க வேண்டும். தட்டிவிட்டுத் திட்டு வாங்கியிருக்க வேண்டும். நான் உன்மீது சொல்கிற குற்றங்களில் பெரியது இதுதான்.

நான் எழுதிக்கொண்டிருப்பதை உன் அம்மா பார்த்துவிட்டாள். “இத்தன வருசம் கழிச்சி இத எழுதி என்னா ஆவப்போவுது? புள்ள மொத மொதலா ஒரு புக் போடுறான். அவன் மூஞ்சில நீங்களே கரியப் பூசுறீங்களா?” என்றாள். “கிராணி செத்துட்டாரு, கேக்கவா போறாரு?” என்றாள். அவள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஏழாம் அத்தியாயத்தை எடுத்தால் உன் புத்தகத்தில் வில்லன் இல்லை. வில்லன் இல்லாவிட்டால் அந்த மண்டபத்தில் கைதட்டல் பாதியாகிவிடும். நான்தான் அந்த ஆள் என்று எழுதினால், மாலை போட்டு முன்வரிசையில் உட்கார வைக்க உனக்கு அப்பா இருக்க மாட்டான். முத்து மாமா இனி நம் வீட்டுப் படி ஏற மாட்டான். இதெல்லாம் எனக்குத் தெரியும். எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் நீ அதை எழுத வேண்டும். என் பேரைப் போட்டு எழுத வேண்டும். முடியாது என்றால் அட்டையிலிருந்து ‘உண்மை’ என்ற வார்த்தையை எடுத்துவிட்டு நாவல் என்று போட்டுக்கொள். அந்த அளவுக்காவது நாணயம் இருக்கட்டும்.

இதுவரை எழுதியதை ஒரு பிரதி எடுத்துக்கொண்டு இன்று காலை டீச்சர் வீட்டுக்குப் போனேன். இரண்டாவது பிரதி அவருக்குத்தான். கதவுக்கு வெளியிலேயே நிற்க வைத்து, நின்றபடியே கண்ணாடியைப் போட்டு முழுவதையும் வாசித்தார். உள்ளே கூப்பிட்டார், தண்ணீர் கொடுத்தார், அழுதார், மன்னித்தார் என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது, நீயாக இருந்தால் எழுதியிருப்பாய். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. பள்ளிக்கூடக் கட்டுரையைத் திருப்பிக் கொடுப்பதுபோல் காகிதத்தை நீட்டி, ஓர் இடத்தில் விரலை வைத்தார். “அப்பா வாசிச்சுச் சொல்லட்டே எண்டு கேட்டவர் எண்டு எழுதியிருக்கிறீங்கள். அடுத்த வரியில மறுத்துவிட்டேன் எண்டு இருக்கு. என்ன சொல்லி மறுத்தனீங்கள்?” என்று கேட்டார். நான் காகிதத்தை வாங்கி மடித்தேன். “அப்பா வீட்ட வந்து சொன்னவர். எனக்கு அப்ப இருவது வயசு. மகனுக்கு அவ்வளவு பாடம் நடத்தியிருக்கிறீங்கள், உங்கட வாயால வந்த ஒரு வரியை விட்டிட்டீங்கள். நான் சொல்லித் தரமாட்டன். நீங்களே எழுதுங்கோ” என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்.

அதனால் எழுதுகிறேன். இதை அப்படியே அச்சில் போடு, ஒரு வார்த்தையும் அழகுபடுத்தாதே. என்னைவிட இருபது வயது மூத்த அந்த மனிதரைப் பார்த்து, பெரட்டுக் களத்தில் எல்லாரும் நிற்கும்போது நான் சொன்னது இது: “போடா பனங்கொட்ட. ஒன் தொரைக்குப் போயி வாசிச்சிக் காட்டு.” யாழ்ப்பாணத்து ஆட்களை முதுகுக்குப் பின்னால் நாங்கள் சொல்கிற வார்த்தை. முகத்துக்கு நேராகச் சொன்னது அன்றைக்குத்தான். களமே சிரித்தது. அவர் வாசிப்பதற்காக எடுத்த கண்ணாடியை மடித்துக் கூட்டில் போட்டுக்கொண்டு ஆபீசுக்குத் திரும்பி நடந்தார். அந்தச் சிரிப்புக்குப் பிறகு இரண்டாம் பக்கத்தைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை, வரிசையில் வந்து பெருவிரலை நீட்டினார்கள். முதலில் சிரித்தது உன் அம்மா. அந்த ஒரு வரியை மட்டும் எடுத்துவிடச் சொல்லி இப்போது பக்கத்தில் நின்று கெஞ்சிக்கொண்டிருக்கிறாள். நான் எடுக்கவில்லை.